வண்டி விழவில்லை, படுத்தது

கிளட்ச் கருகும் வாசனையை ஒருமுறை நெருங்கி முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள். பல் மருத்துவர் குடையும்போது எழுமே, அந்த வாடையில் கொஞ்சம் எண்ணெயும் கலந்தால் அதுதான். போன மாதம் ஒரு காலை, செங்கம் சாலையில் காபிக் கடையொன்றில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு வெளிநாட்டுக்காரர் வாடகை மோட்டார் சைக்கிளை மேட்டில் ஏற்றத் தெரியாமல், கிளட்சைப் பாதி பிடித்தபடி முறுக்கிக்கொண்டிருந்தார். வாசனை கடைக்குள் வந்தது. என் காபி ஆறியது. நான் ஜவ்வாது மலையின் ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்றுகொண்டிருந்தேன்.

நான் வேலை பார்த்த சுற்றுப்பயணக் கம்பெனியின் பிள்ளைகள் அதற்குச் சில நாள் முன்புதான் கேட்டிருந்தார்கள். "அண்ணா, நம்ம கம்பெனி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை குடுங்க. கறுப்பு, சிவப்பு ரெண்டையும் மாத்தி மாத்தி ஓட்டுனவரு நீங்க ஒருத்தர்தான். எது நல்ல வண்டி, எழுதுங்க." எழுதுகிறேன் என்றேன். இரண்டு வண்டிகளைப் பற்றி எழுதுவது எளிது. அவற்றை மாற்றிக்கொண்ட இரண்டு ஆட்களைப் பற்றி எழுதாமல் அதை எழுத முடியாது என்பது காபி ஆறிய பிறகே தெரிந்தது.

கற்றுக்கொண்ட காலத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் குடும்பம். டிராக்டர் பழுது பார்க்கப் போய், மோட்டார் சைக்கிள் பழுது பார்க்கப் போய், பழுது பார்த்த வண்டியை ஓட்டிப் பார்க்கப் போய், ஓட்டுவதே வேலையாகிவிட்டது. ஊர் ஊராகப் பெரிய மோட்டார் சைக்கிள்களில் சுற்றிக் காட்டும் கம்பெனி அது. விருந்தினர்கள் பின்னால் வர, முன்னால் போகிறவருக்கு லீடு என்று பெயர். ஐம்பது வயதில் லீடை இறக்கிவிடுவார்கள். என்னையும் இறக்கினார்கள். அவ்வளவுதான்.

இனி வண்டிகள்.

கறுப்பு பெரியது. நாலு சிலிண்டர். பெட்டிகளை மாட்டினால் முந்நூறு கிலோவைத் தாண்டும். செயின் கிடையாது, பின்சக்கரத்துக்குத் தண்டு வழியாகவே சக்தி போகும். எண்ணெய் பூச வேண்டியதில்லை, கையில் அழுக்கில்லை. கிருஷ்ணகிரி சாலையில் அதை விரட்டும்போது முன்கண்ணாடிக்குப் பின்னே ஓர் அறை உண்டாகும். காற்றில்லாத, அலறலில்லாத அறை. அதற்குள் உட்கார்ந்து மனசுக்குள் கவிதை எழுதலாம், எழுதியிருக்கிறேன். ஆக்சிலேட்டரை விட்டாலும் சட்டென்று வேகம் குறையாது. பெரிய வீட்டு மனிதர்கள் பேச்சை முடிப்பதுபோல மெல்ல மெல்ல இறங்கும்.

சிவப்பு மூன்று சிலிண்டர். அறுபது எழுபது கிலோ கம்மி. செயின் உண்டு, இரண்டு நாளைக்கொருமுறை எண்ணெய் கேட்டு உலர்ந்த குரலில் முனகும். வெயிலில் வலது தொடையைச் சுடும். மணிக்கட்டில் பாரம் விழும், நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஆனால் வளைவில் நீங்கள் எங்கே பார்க்கிறீர்களோ அங்கே அது ஏற்கெனவே போயிருக்கும். ஆக்சிலேட்டரை விட்டால் முதுகுச் சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல நிற்கும். கறுப்பு உங்களைக் கூட்டிக்கொண்டு போகும். சிவப்பு உங்களைக் கேட்டுக்கேட்டுப் போகும்.

கறுப்பு என்னுடையது, நாலு வருஷம். சிவப்பு ஏழுமலையுடையது.

ஏழுமலை அடி அண்ணாமலைக்காரன், என்னைவிட ஆறு வயது சின்னவன். குள்ளம், சிரித்தால் கழுத்தே இல்லாதவன்போல ஆகிவிடுவான். சிவப்பின் மேல் அவன் உட்கார்ந்திருப்பது தெரியாது, வண்டிக்கே தலை முளைத்ததுபோல இருக்கும். விருந்தினர்கள் என்னிடம் வழி கேட்பார்கள். அவனிடம் எப்படி ஓட்டுவது என்று கேட்பார்கள். அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இல்லை.

எங்கள் இருவருக்கும் மேலே கனகா மேடம். பஸ் பணிமனையில் பழுது பிரிவைப் பார்த்துவிட்டு வந்தவர். பெரிய வண்டி எதையும் ஓட்டத் தெரியாது, ஏறிக்கூட உட்கார மாட்டார். பருத்திப் புடவையைத் தூக்கிச் செருகி, காலில் கேன்வாஸ் ஷூ போட்டு, காலை ஆறு மணிக்கெல்லாம் ஷெட்டில் நிற்பார். நாங்கள் டீ குடிப்பதற்கு முன் ஒவ்வொரு வண்டியையும் இன்ஜின் போடாமல் மூன்றடி தள்ளச் சொல்வார். தள்ளும்போது கண்ணை மூடிக்கொள்வார். பிரேக் கட்டை உரசுகிறதா, பேரிங் முனகுகிறதா என்று காதாலேயே பார்ப்பார். பிறகு கட்டைவிரல் நகத்தால் டயரை அழுத்துவார். பிறகுதான் நம் முகத்தைப் பார்ப்பார்.

"நேத்து இது உங்கிட்ட இன்னா சொல்லிச்சு?"

இதுதான் தினமும் கேள்வி. பதில் நீல நோட்டில் ஏறும். "ஒண்ணும் சொல்லல மேடம்" என்றால் பேனா நிற்கும். "அப்ப தூங்கிக்கினே ஓட்டுனியா?" என்பார். குரல் உயராது. குரல் உயராததால்தான் பயம்.

அந்த நோட்டைச் சுற்றி எங்களிடம் ஒரு சொல் வளர்ந்திருந்தது. ஓடும்போது வண்டி சாய்ந்தால் 'விழுந்தது'. அது நோட்டில் ஏறும். வண்டி இரண்டு நாள் ஷெட்டில், ஓட்டியவன் பின்னால் வரும் சாமான் வேனில். நிற்கும்போதோ ஊரும்போதோ மெல்லச் சாய்ந்தால் அது விழுந்ததில்லை, 'படுத்தது'. நாலு கை சேர்ந்து தூக்கினோமா, சிரித்தோமா, டீ குடித்தோமா, முடிந்தது. மேடத்துக்கு இந்தச் சொல் தெரியும். "படுக்கறதுக்கு அது இன்னா எருமையா? படுத்தாலும் வந்து சொல்லணும்" என்று ஒருமுறை சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். யாரும் சொன்னதில்லை.

கறுப்பு என்னிடம் இரண்டு முறை படுத்திருக்கிறது.

முதல்முறை கீழ்பென்னாத்தூரில். மல்லாட்டை மூட்டை ஏற்றிய டெம்போவுக்கு வழிவிட்டு ஓரம் திரும்பும்போது. டேங்க் நிறைந்திருந்தது, ஹேண்டில் முழுக்க ஒடிந்து ஒரு பக்கம் திரும்பியிருந்தது, இரண்டு விரலால் வலது கைப்பக்கத்து முன்பிரேக்கைத் தொட்டேன். அவ்வளவுதான். ஆள் இல்லாத பக்கம் பார்த்து மெதுவாகப் படுத்துக்கொண்டது. இரண்டாம் முறை சாத்தனூர் சாலையில், அதே மாதிரி. அப்போதுதான் விளங்கியது. கறுப்பில் கைப்பிரேக்கைத் தொட்டால் பின்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். வேகத்தில் அது வரம். நடை வேகத்தில், ஹேண்டில் ஒடிந்திருக்கும்போது, வண்டி முளையடித்ததுபோல நின்றுவிடும்; முந்நூறு கிலோவும் ஒடிந்த பக்கம் சாயும். அதற்குப் பிறகு நான் மெதுவாகப் போகும்போது கைப்பிரேக்கைத் தொடுவதையே விட்டேன். கால்பிரேக் மட்டும், கிளட்சைப் பாதி பிடித்து ஊர்தல். ஒரு மாதத்தில் உடம்பு கற்றுக்கொண்டது. உராய்ந்த காப்புக் கம்பிக்கு நானே கறுப்பு பெயின்ட் அடித்தேன். மேடத்தின் நோட்டில் அன்றைக்கு, "கண்ணாடி கொஞ்சம் ஆடுது" என்று என் பெயரில் எழுதியிருக்கும்.

ஏன் மறைத்தேன்? பயம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மை வேறு. கிரிவலப் பாதையில் இருக்கும் ஆசிரமத்துப் பக்கத்துச் சந்தில் அந்த மலையளவு வண்டியை நான் ஒரே திருப்பலில் திருப்புவேன். விருந்தினர்கள் நின்று பார்ப்பார்கள். ஏழுமலையும் பார்ப்பான். அந்தத் திருப்பலில்தான் என் மொத்தப் பெருமையும் இருந்தது. அதன் சூட்சுமத்தை நோட்டில் எழுதினால் அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி ஆகிவிடும்.

ஒரு நாள் மேடம் இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டுல ஒரு மாடல் வண்டியதான் இனிமே வாங்கப் போறாங்க. இன்னொண்ணு போயிடும். ஒரு மாசம் மாத்தி ஓட்டுங்க. ஆளுக்கு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. கவிதை வேணாம்." கடைசி வாக்கியம் எனக்கு.

வெளியே வந்ததும் ஏழுமலை சாவியை நீட்டினான். "ண்ணா, உன் யானைய குடு. என் ஆட்டுக்குட்டிய புடி. பார்த்து, முட்டும்."

சிவப்பின் மேல் முதல் வாரம் எனக்குக் கோபமாக இருந்தது. மணிக்கட்டு வலித்தது, தொடை சுட்டது. இரண்டாம் வாரம் ஒரு காலை, மழை நின்ற ஈரச் சாலையில், செங்கத்துக்கு முன் வரிசையாக வரும் வளைவுகளில் ஏதோ நடந்தது. நான் ஓட்டவில்லை, பார்த்தேன். பார்த்த இடத்தில் இருந்தேன். நாலு வருஷம் ஓர் அறைக்குள் உட்கார்ந்து ஊரைச் சுற்றியிருக்கிறேன் என்று பட்டது. இந்த வண்டிதான் ஜெயிக்கும் என்று தெரிந்துவிட்டது. சிவப்பு ஜெயித்தால் ஏழுமலை ஜெயிப்பான் என்பதும் தெரிந்தது.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, டீக்கடையில் அவன் கேட்டான்.

"ண்ணா, உன் யானை நல்லாத்தான் கீது. சோபால உக்காந்து ஊர் சுத்தற மாதிரி. ஆனா மெதுவா போறப்ப இன்னாமோ பண்ணுது. திடீர்னு முரண்டு புடிக்குது. நீ இன்னா பண்ணுவ?"

சரியாகக் கேட்டான். சரியான இடத்தைத் தொட்டுக் கேட்டான். பதில் ஒரு வரி. மெதுவா போறப்ப கைப்பிரேக்கைத் தொடாதே. என் வாயில் டீ இருந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்:

"பழகிடும்டா."

அவன் தலையாட்டினான். நான் சொன்னால் அவனுக்குச் சரிதான்.

மூன்று நாள் கழித்து, மறுநாள் விருந்தினர் வரவேண்டிய பாதையைப் பார்த்துவர ஜவ்வாது மலைக்கு நாங்கள் இருவர் மட்டும் போனோம். காலை நேரம். மழையில் மண் சரிந்த இடங்களைப் பார்த்துக்கொண்டே அவன் முன்னால், நான் பின்னால். இடப்பக்கம் ஒடியும் செங்குத்தான கொண்டை ஊசி வளைவு. மேலிருந்து பஸ் வந்தது. வளைவு முழுவதையும் எடுத்துக்கொண்டது. ஏழுமலை உள்ஓரத்தில் ஒதுங்கினான். கிளட்சைப் பாதி பிடித்து ஊர்ந்தான். அந்த வாசனை வந்தது. ஹேண்டில் முழுக்க ஒடிந்திருந்தது. அவன் வலது கையின் இரண்டு விரல்கள் எழுந்து பிரேக்கின் மேல் உட்கார்வதை நான் பார்த்தேன்.

கூவியிருக்கலாம். ஹெல்மெட்டுக்குள் கூவியதாகவும் நினைவு. கேட்டிருக்காது.

கறுப்பு மெதுவாகத்தான் சாய்ந்தது. எதுவும் வேகமாக நடக்கவில்லை. அவன் இடது கால், கியர் பெடலுக்கும் ஓரத்துக் கல்லுக்கும் நடுவே இருந்தது. பஸ் நின்றது. கண்டக்டரும் பயணிகளும் இறங்கி வந்து தூக்கினார்கள். நான் இன்ஜினை அணைத்தேன். அவன் முகம் மழைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. வலியில் கத்தவில்லை. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

"கைய லேசாத்தாண்ணா வச்சேன். லேசாத்தான். லேசாத்தாண்ணா."

ஆஸ்பத்திரியில் மேடம் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். நீல நோட்டு கையில் இருந்தது. கணுக்காலைப் பற்றி டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்கிட்ட எப்பவாச்சும் இது விழுந்திருக்கா?"

ஏழுமலை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அந்த இரண்டு ஜோடிக் கண்களுக்கு நடுவே எங்கள் சொல் என் கைக்கு அகப்பட்டது. விழுந்திருக்கிறதா என்றுதான் கேட்டார். விழுந்ததில்லை. ஒருநாளும் விழுந்ததில்லை.

"விழல மேடம்."

மேடம் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு எழுதினார். ஏழுமலை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். வலி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது.

அந்த இரண்டு பக்கத்தை நான் எழுதிக் கொடுத்தேன், கவிதை இல்லாமல். சிவப்புதான் சரி என்று எழுதினேன். கறுப்பை விற்றார்கள். வாங்க வந்த பெங்களூர்க்காரரை ஷெட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய், "சார், மெதுவா திருப்பும்போது கைப்பிரேக்கைத் தொடாதீங்க, காலை மட்டும் யூஸ் பண்ணுங்க" என்று சொன்னேன். அவர் நன்றி சொன்னார். முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

ஏழுமலையின் கணுக்காலை இரும்பு வைத்துப் பூட்டினார்கள். நடக்க முடிந்தது. ஆனால் பாதம் மேலும் கீழும் மடங்காது. இடது பாதம் மடங்காதவன் கியர் போட முடியாது. உதிரிபாக ஸ்டோரில் வேலை கொடுத்தார் மேடம். சில மாதம் இருந்தான். பிறகு ஊரில் கிரிவலப் பாதை ஓரமாகத் தண்ணீர் பாட்டில், சோடா, சுக்குக் காபி என்று கடை போட்டான். நான் சிவப்பில் விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு அந்த வழியே போவேன், ஹார்ன் அடிப்பேன். அவன் கையைத் தூக்குவான். பத்து வருஷம் அப்படியே ஓடியது. நான் லீடாகவே இருந்து ஓய்வு பெற்றேன். கனகா மேடமும் வேலையை விட்டு மகளோடு வெளியூர் போய்விட்டார். நீல நோட்டுகள் என்ன ஆயின என்று தெரியாது.

காபி ஆறிய அதே வாரம் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். புது வண்டி வந்திருக்கிறது, பெரிய வண்டிதான், ஆனால் கிளட்ச் இல்லை, கியர் பெடல் இல்லை, அதுவே மாற்றிக்கொள்கிறது. ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். ஓட்டினேன். கறுப்பின் நிதானமும் சிவப்பின் துடிப்பும் அதில் பாதிப்பாதி. இடது கைக்கு வேலை இல்லை. இடது காலுக்கு வேலை இல்லை. ஊரைத் தாண்டுவதற்குள் என் இடது கால், வெறுமனே கிடந்த அந்த இடது கால், எங்கே போகவேண்டும் என்று சொல்லிவிட்டது.

மத்தியான வெயில். ஏழுமலை கடையில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா, ரிட்டயர் ஆனப்புறம் மறுபடி மாப்பிள்ளை ஊர்வலமா?"

"வந்து பாருடா. இந்தப் பக்கம் பாரு."

வந்தான். காலை நீட்டியபடி சிரமப்பட்டுக் குனிந்து இடப்பக்கம் பார்த்தான். கியர் பெடல் இருக்கவேண்டிய இடத்தைத் தடவினான்.

"மொழுக்குனு கீது."

"கியர் இல்ல. கிளட்ச் இல்ல. கால் சும்மா வச்சிக்கினா போதும். உக்காரு. ஒரு ரவுண்டு போய்ட்டு வா."

அவன் நிமிர்ந்தான். சிரித்தான், கழுத்து மறைந்தது. பிறகு சிரிப்பு நின்றது.

"வேணாம்ணா."

"காலே வேணாம்டா இதுக்கு."

"காலு இல்லண்ணா. கை." வலது கையை விரித்துக் காட்டினான். "என் பொண்ணு காலேஜுக்கு ஸ்கூட்டர்ல போறா. அதுலயும் கியர் இல்லதான். அவ ஓட்டுவா, நான் பின்னாடி உக்காருவேன். இந்தக் கைய நம்ப முடியாதுண்ணா. லேசா வச்சேன்னு நான் நெனச்சிக்கினு இருக்கேன், அது கெட்டியா புடிச்சிருக்குது. உங்கிட்ட நாலு வருஷம் ஒழுங்கா ஓடின வண்டி. எங்கிட்ட பதினஞ்சு நாள் ஓடல. அப்ப தப்பு எங்க கீது?"

நான் சொன்னேன். நின்றபடியே சொன்னேன். கீழ்பென்னாத்தூர், சாத்தனூர் சாலை, பெயின்ட் அடித்தது, டீக்கடையில் விழுங்கியது, எல்லாம். நடுவில் கிரிவலம் வந்த ஓர் அம்மா தண்ணீர் கேட்டார். பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகிக் கொடுத்துவிட்டு வந்தான். "சொல்லு" என்றான். மிச்சத்தையும் சொன்னேன்.

"மேடம் கேட்டாங்களே."

"விழுந்துச்சானு கேட்டாங்க."

எங்கள் சொல்லை அவனுக்கு விளக்கவேண்டியதில்லை. கடைப் பலகையில் உட்கார்ந்தான். வலது கையை மடியில் வைத்து, அதை யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல்களை மடக்கினான், விரித்தான். மடக்கினான்.

"அப்ப நான் லேசாத்தான் வச்சிருந்தேன்."

"லேசாத்தான்டா வச்சிருந்தே. நான் பார்த்தேன்."

மன்னிப்பு என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் அவன் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வேலையையும் அவன் தலையில் கட்ட வேண்டாம் என்று நின்றுவிட்டேன். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வண்டியில் ஏறினேன். "கெளம்பறேன்டா" என்றேன். அவன் எழுந்து, நொண்டியபடி வண்டிக்குப் பக்கத்தில் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருந்தீனா, காலு மட்டும்தாண்ணா போயிருக்கும்."